பட்டையும் பலகையும்

பாடும் மரம், பாடாத மரம் என்று கருவி செய்பவர்கள் மரங்களைச் சாதி பிரித்துப் பேசும்போதெல்லாம் எனக்குள் ஏதோ முரண்டு பிடிக்கிறது. வீணைக்கும் மிருதங்கத்துக்கும் பலா. நாதஸ்வரத்துக்கு ஆச்சா. கிட்டாரின் முகப்புப் பலகைக்கு ஸ்புரூஸ் அல்லது சிடார், முதுகுக்கும் விலாவுக்கும் ஈட்டி, விரல் ஓடும் பலகைக்குக் கருங்காலி. யாரும் சட்டம் போட்டுச் சொல்லாவிட்டாலும் எல்லாரும் ஒப்புக்கொண்ட வரிசை இது. கித்தா மரத்துக்கு, அதாவது ரப்பர் மரத்துக்கு, இதில் இடமே கிடையாது. மலேசியாவின் பேராக்கில் பிறந்து வளர்ந்த தமிழனுக்கு இது உறுத்தத்தான் செய்யும். எங்கள் ஆட்கள் விடியும் முன்னே எழுந்துபோய் நாள் தவறாமல் தொட்ட மரம் அது. அதன் பட்டையின் ஈரமும் சொரசொரப்பும் மூன்று தலைமுறை உள்ளங்கைகளுக்குத் தெரியும். அந்த மரத்திடம் உலகம் டயர் கேட்டது, செருப்பு கேட்டது, கையுறை கேட்டது, கடைசியில் மேசை நாற்காலியும் கேட்டது. குரல் கேட்கவில்லை. இதை ஒரு குறையாகச் சொல்வது சரிதானா என்றும் யோசிக்கிறேன். மரத்துக்கு அது ஒரு பொருட்டா என்ன? ஆனாலும் நல்ல கிட்டார் ஒன்றைக் கேட்கும்போதும், அதைச் செய்தவரின் கையை வியந்து யாராவது எழுதியதைப் படிக்கும்போதும் இந்த உறுத்தல் வந்து பக்கத்தில் உட்கார்ந்துகொள்கிறது.

ஈப்போவில் நான் வாழும் புந்தோங் கிட்டாருக்குப் பேர்போன ஊர் இல்லை. இது கச்சான் பூத்தே ஊர். கடலையும் முறுக்கும் எண்ணெயில் வேகும் வாசம் காலையிலேயே தெருவுக்கு வந்துவிடும். தைப்பூசத்தன்று மாரியம்மன் கோயிலிலிருந்து காவடிகள் கல்லுமலைக்குக் கிளம்பும்போது, வளைந்த குச்சி தோலில் தேய்ந்து உறுமி எழுப்பும் அந்த முனகல்தான் இங்கே முதல் இசை. இருந்தாலும் கிட்டாருக்கும் இங்கே ஒரு வாழ்வு உண்டு. 1982இல் ‘பயணங்கள் முடிவதில்லை’ படம் வந்தபிறகு, இளையராஜாவின் பாட்டில் கேட்ட அந்தக் கிட்டாரைத் தன் விரலால் தேடிப்பார்க்காத பையன் இந்தப் பக்கம் குறைவு. பையன்களுக்குக் கிடைத்ததெல்லாம் ஒட்டுப்பலகைக் கிட்டார்கள். அவற்றை ஈப்போவின் காற்று சும்மா விடாது. கிட்டார் செய்பவர்கள் தங்கள் பட்டறையில் காற்றின் ஈரப்பதத்தை 45, 50 விழுக்காட்டில் கட்டிவைக்கப் பாடுபடுவார்கள். இங்கே மழை பெய்த மாலையில் அது 90ஐ எளிதாகத் தாண்டும். மரம் ஈரத்தைக் குடித்து ஊதும். முகப்புப் பலகை தொப்பை போடும். எஃகுத் தந்தி ஆறும் சேர்ந்து ஏறத்தாழ 70 கிலோ எடையின் விசையோடு இழுத்துக்கொண்டே இருப்பதால், தந்தியைப் பிடித்திருக்கும் பாலத்தின் பின்விளிம்பு பசை விட்டு மெல்ல எழும்பும். என்னிடம் இருப்பதும் அப்படி எழும்பிய கிட்டார்தான். பாலத்துக்குப் பின்னால் ஒரு தாள் நுழையும் இடைவெளி. குழிக்குள் சின்னக் கண்ணாடியும் கைவிளக்கும் விட்டுப் பார்த்தால் உள்ளே பெருக்கல் குறிபோல் குறுக்கே ஓடும் இரண்டு சட்டங்கள், அவற்றிலிருந்து கிளைக்கும் சிறு சட்டங்கள், வழிந்து உறைந்த பசை, துடைக்காமல் விட்ட மரத்தூள். எல்லாம் அவசரமான வேலை. ஆனால் சட்டங்களின் அமைப்பு மட்டும் 1840களில் அமெரிக்காவில் மார்ட்டின் பட்டறையிலும் மற்றவர்கள் பட்டறைகளிலும் உருவானதன் நேர் வாரிசு.

அந்தச் சட்டங்களிலும் அவை தாங்கும் பலகையிலும்தான் தேர்ந்த கைக்கு வேலை. ஒரே கட்டையிலிருந்து அடுத்தடுத்து அறுத்த இரண்டு தகடுகளை விளிம்போடு விளிம்பு ஒட்டி, இழைப்புளியால் ஏறத்தாழ இரண்டரை மில்லிமீட்டருக்குக் கொண்டுவருவார்கள். கணக்காகச் சொல்ல முடிவது அவ்வளவுதான். அதற்குப் பிறகு அளவுகோலை ஓரமாக வைத்துவிட்டு, பலகையின் ஒரு புள்ளியை இரண்டு விரலால் பிடித்துத் தொங்கவிட்டு, விரல்முட்டியால் தட்டிக் காதோரம் வைத்துக் கேட்பார்கள். வளைத்துப் பார்ப்பார்கள். ஒரு சுருள் சீவுவார்கள், மறுபடியும் தட்டுவார்கள். பலகையின் விறைப்பு அதன் தடிமனின் மும்மடியைப் பொறுத்தது. தடிமனில் பத்தில் ஒரு பங்கைச் சீவினால் விறைப்பில் கால் பங்குக்கும் மேல் போய்விடும். கால் மில்லிமீட்டர் தடித்திருந்தால் குரல் தொண்டையிலேயே நிற்கும்; கால் மில்லிமீட்டர் மெலிந்தால் கொஞ்ச காலம் அற்புதமாகப் பாடிவிட்டு வயிறு சரிந்து போகும். ஸ்பெயின் நாட்டு அல்மேரியாவில் பிறந்த அன்டோனியோ டி டோரெஸ் (1817–1892) இன்றைய கிளாசிக்கல் கிட்டாருக்கு உருவம் கொடுத்தவர். முகப்புக்குக் கீழே விசிறி விரிப்பில் ஏழு சட்டங்களை ஒட்டும் முறையை நிலைநிறுத்தியவர். கிட்டாரை மட்டும் நம்பிச் சோறு தின்ன முடியாமல் நடுவில் சில வருடம் பீங்கான் கடை வைத்திருந்தார். அவருடைய ரகசியம் என்ன என்று ஒரு விருந்தில் கேட்டார்களாம். அதை விட்டுச்செல்ல வழியில்லை, என்னோடு கல்லறைக்கு வரும், அது கட்டைவிரல் நுனிக்கும் சுட்டுவிரல் நுனிக்கும் நடுவில் இருக்கிறது, பலகை சரியாக வந்துவிட்டதா என்று அவைதான் என் புத்திக்குச் சொல்கின்றன என்ற பொருளில் பதில் சொன்னாராம். அங்கிருந்த ஒரு பாதிரியார் பல வருடம் கழித்து இதைக் கடிதமாக எழுதினார். டோரெஸின் வாழ்க்கையை நூலாக்கிய ஹோசே ரோமனில்லோஸ், தானே பெரிய கிட்டார்க் கைவினைஞர், அந்தக் கடிதத்தை உலகத்துக்குக் கொண்டுவந்தார். நான் இந்த இடத்தைப் பலமுறை நினைத்துப் பார்த்திருக்கிறேன். இரண்டு விரல் நுனி. அந்த விரலைப் பற்றி எழுதிவைக்க ஒருவர்; எழுதியதைத் தேடி எடுக்க இன்னொருவர்.

அப்படியானால் மரத்தின் சாதி என்ன ஆவது? 1862இல் டோரெஸ் ஒரு கிட்டார் செய்தார். முகப்பு மட்டும் நல்ல ஸ்புரூஸ். முதுகும் விலாவும் வெறும் காகித அட்டை. முகப்புதான் குரல் என்று காட்டச் செய்தது அது. பார்சிலோனாவின் இசை அருங்காட்சியகத்தில் இன்றும் இருக்கிறது. 1995இல் அமெரிக்கக் கிட்டார்க் கைவினைஞர் பாப் டெய்லர் சரக்கு அடுக்கும் பழைய மரத்தட்டைப் பிரித்து அதன் ஓக் பலகையில் உடல் செய்து காட்டினார். 2018இல் இங்கிலாந்தின் லங்காஸ்டர் பல்கலைக்கழகத்தார் இன்னும் ஒரு படி போனார்கள். ரோஜர் பக்னால் என்ற கைவினைஞரிடம் ஆறு கிட்டார்களை ஒன்றுபோலச் செய்யச் சொன்னார்கள். முதுகும் விலாவும் மட்டும் ஆறு வெவ்வேறு மரம். பிரேசில் ரோஸ்வுட், இந்திய ஈட்டி, மஹாகனி, மேப்பிள், சப்பேலி, வால்நட். கருவியின் நிறம் தெரியாதபடி கண்ணை மறைத்து மங்கலான வெளிச்சத்தில் 52 கிட்டார்க் கலைஞர்களை வாசிக்கவிட்டார்கள். விலை கூடிய மரத்துக்கும் குறைந்த மரத்துக்கும் அவர்கள் ஏறத்தாழ ஒரே மதிப்பைத்தான் கொடுத்தார்கள். இதைப் படித்தபோது எனக்கு வந்த மகிழ்ச்சியில் கொஞ்சம் வன்மமும் கலந்திருந்ததை மறைக்க மாட்டேன். பிறகு நிதானமாக யோசித்தால், மரம் ஒன்றுமே இல்லை என்று எந்தக் கைவினைஞரும் சொல்லப்போவதில்லை. ஈட்டியை அறுக்கும்போது எழும் இனிய வாசனை, கருஞ்சிவப்பு உடம்பில் ஓடும் கறுத்த கோடு, நனைத்துச் சூடான இரும்புக் குழாயில் அழுத்தினால் முறியாமல் வளைந்து கொடுக்கும் இணக்கம், இதெல்லாம் செய்பவரின் கைக்கு ஒரு பொறுமையைக் கொடுக்கிறது. நல்ல மரம் கையில் இருக்கும்போது கை தானாக நிதானிக்கும் என்று நான் நம்புகிறேன். கேட்பவருக்குக் கடைசியில் வந்து சேர்வது மரத்தின் குணமா, அந்த நிதானத்தின் குணமா என்பதைக் கண்ணை மறைத்துக் கண்டுபிடிக்க முடியாது.

இந்த ஈட்டி நம் மலைகளின் மரம். கூடலூர், வயநாட்டுப் பக்கம் போனவர்கள் பார்த்திருப்பார்கள். கிட்டாருக்கு அது வந்து சேர்ந்ததே ஒரு மாற்று ஏற்பாடு. முதலில் பிரேசிலின் ரோஸ்வுட்தான் உயர்ந்தது. பிரேசில் அதை உருட்டுமரமாக வெளியே விடுவதை நிறுத்தியதும், 1969இல் மார்ட்டின் பட்டறை இந்திய ஈட்டிக்கு மாறியது; மற்றவர்களும் மாறினார்கள். 1992இல் பிரேசில் மரம் உலக வணிகத்திலிருந்தே ஏறத்தாழ விலக்கப்பட்டது. இப்படியாக நீலகிரிச் சரிவின் மரம் உலகெங்கும் கிட்டாரின் முதுகானது. ஏறக்குறைய ஒரு நூற்றாண்டுக்கு முன்பே அதே பிரேசிலிலிருந்து வேறொரு மரம் எங்கள் பக்கம் வந்துவிட்டிருந்தது. 1876இல் ஹென்றி விக்கம் என்ற ஆங்கிலேயர் அங்கிருந்து கொண்டுபோன விதைகள் லண்டன் கியூ தோட்டத்தில் முளைத்து, 1877இல் 22 கன்றுகள் சிங்கப்பூருக்கு வந்தன. அவற்றில் 9 கோலகங்சாரில் நடப்பட்டன. அதில் மிஞ்சிய ஒரு கித்தா மரம் இன்றும் அங்கே நிற்கிறது. புந்தோங்கிலிருந்து காரில் ஒரு மணி நேரம்கூட ஆகாது. சுற்றிலும் வேலி, பக்கத்தில் பெயர்ப்பலகை. அதன் அடியில் நின்றபோது எனக்குத் தோன்றியது இதுதான்: ஒரு காட்டு மரம் கடல் கடந்ததால் தமிழ் மனிதர்களும் கடல் கடக்க வேண்டி வந்தது. மரத்துக்குப் பின்னாலேயே கையும் வந்தது. கிட்டார்க்காரர்கள் சாதி மரம் என்று சொல்வதில் பாதி, எந்தத் துறைமுகம் திறந்திருந்தது, எந்தத் துறைமுகம் மூடியிருந்தது என்ற கதைதான். கோலாலம்பூரில் ஜெஃப்ரி யோங் என்பவர் தூங்குமூஞ்சி மரத்தில் முதுகும் விலாவும் செய்து, அந்தக் கிட்டார்களை உலகக் கைவினைஞர்களுக்கு நடுவில் கொண்டுபோய் வைத்தார். அதுவும் தென்னமெரிக்கப் பக்கத்திலிருந்து வந்த மரம்தான். தைப்பிங் ஏரிக்கரையில் தண்ணீர்மேல் கைநீட்டிப் படுத்திருக்கிறதே, அதே மரம். சாலையோர நிழலுக்கு நட்டதை ஒருவர் தட்டிக் கேட்டார். அதற்குள் குரல் இருந்தது. யாராவது தட்டிப் பார்த்தால்தானே தெரியும்.

கித்தாவைத் தட்டிப் பார்க்காததற்குக் காரணம் இல்லாமல் இல்லை. 25, 30 வருடம் பால் கொடுத்து ஓய்ந்த மரத்தை வெட்டிச் சாய்த்தால் முன்பெல்லாம் அது விறகுதான். புகைக்கூண்டுக்கும் செங்கல் சூளைக்கும் போகும். மாவுச்சத்து நிறைந்த கட்டை என்பதால், வெட்டிப் போட்ட சில நாளிலேயே நீலப்பூஞ்சணம் பிடிக்கும், வண்டு துளைக்கும். போரான் மருந்தை அழுத்தி ஏற்றிச் சூளையில் உலர்த்தும் வழி கைவந்த பிறகுதான், 1980கள் வாக்கில், அது வெளிர்மஞ்சள் மேசை நாற்காலியாக உலகமெல்லாம் போக ஆரம்பித்தது. உலர்ந்த கித்தாப் பலகை ஒரு கன மீட்டருக்கு 600 கிலோவை ஒட்டி வரும். கிட்டார் உலகம் போற்றும் மஹாகனியும் அதே எடைதான். எடை ஒன்றானால் குரல் ஒன்றாகிவிடாது என்பது தெரியும். நார் ஓடும் விதம் வேறு, அதிர்வை உள்ளே விழுங்கும் அளவு வேறு. இருந்தும் காகித அட்டைக்கு இடம் கொடுத்த கலை கித்தாவுக்கும் ஓர் ஓரம் கொடுத்திருக்கலாம் என்றே நினைக்கிறேன். நல்ல முகப்புப் பலகை ஒன்றை மேலே வைத்து, முதுகுக்கும் விலாவுக்கும் பத்தாங்காட்டுப் பலகையை, அதாவது பால் வற்றிச் சாய்த்த கிழ மரத்தின் பலகையைப் போட்டு, தேர்ந்த கை ஒன்று நிதானமாகச் செய்தால் என்ன வரும்? எனக்கு உண்மையாகவே கேட்க ஆசை.

ஆனால் இந்த ஆசையை விரித்துக்கொண்டே போனால், என்னை உறுத்துவது பலகை இல்லை என்பது புரிகிறது. அந்த மரத்தைத் தொட்ட கைதான். பால்மரம் சீவுவதை வெறும் கூலி வேலை என்று பேசிப் பேசி எங்கள் வீட்டிலேயே பழகிவிட்டோம். அதை ஒருமுறை கிட்டே போய்ப் பார்க்க வேண்டும். கித்தாப் பட்டையின் வெளிப்பகுதி கெட்டி. கல்போல் இறுகிய செல்கள் அதில் கலந்து நறநறவென்று இருக்கும். உள்ளே போகப் போக மெத்தென்று ஆகும். பால் குழாய்கள் நெருங்கி ஓடுவது அங்கேதான். அதற்கும் உள்ளே தாளைவிட மெல்லிய வளர்படலம் ஒன்று இருக்கிறது. அதில் உளி பட்டால் மரத்துக்குக் காயம். காயம் முண்டாக வீங்கும், புதுப்பட்டை ஒழுங்காக வராது. ஆகவே உளி, படலத்துக்கு ஒரு மில்லிமீட்டருக்குச் சற்று மேலே நின்றுவிட வேண்டும். மேலோட்டமாகச் சீவினால் பால் வராது. சீவியெடுக்கும் பட்டையும் ஒன்றரை மில்லிமீட்டருக்கு மேல் போகக் கூடாது. போனால் பத்து வருடத்துக்கு வரவேண்டிய பட்டை ஆறு வருடத்தில் தீர்ந்துவிடும். பால் குழாய்கள் செங்குத்தாக ஓடாமல் சற்றே சாய்ந்து ஏறுவதால், வெட்டு இடப்பக்கம் உயர்ந்து வலப்பக்கம் இறங்க வேண்டும், ஏறத்தாழ 30 பாகைச் சாய்வில். விடியுமுன் மரத்துக்குள் அழுத்தம் கூடி நிற்கும், அப்போதுதான் பால் நன்றாக ஓடும் என்பதால், இத்தனையும் இருட்டில், நெற்றியில் கட்டிய விளக்கு வெளிச்சத்தில், கொசுக்கடியில். ஒரு மரம் இல்லை. ஒரு காலைக்குள் 400, 500 மரம். கிட்டார்ப் பலகையைத் தட்டிக் கேட்பவரின் விரல் நுனிக்கும் இந்தக் கைக்கும் தெரிந்திருந்தது ஒரே வகை அறிவு என்று நான் சொன்னால், அது பாசத்தால் மிகைப்படுத்துவதா? நிறைய நாள் அப்படித்தான் பயந்தேன்.

பயத்துக்குக் காரணம் உண்டு. வறுமையை அழகாக்கிக் காட்டுவது சுலபம். பிரட்டுக்கு, அதாவது காலை ஆள் கணக்கெடுப்புக்கு, நேரமாகி ஓடியவர்களை, மழை பெய்தால் கூலி இல்லாமல் லயத்துக்குத் திரும்பியவர்களைக் கலைஞர்கள் என்று இப்போது பட்டம் கட்டுவதால் அவர்களுக்கு ஆகப்போவது ஒன்றுமில்லை. கிட்டார் செய்பவர் ஒரு பலகையைத் தட்டிப் பார்த்துப் பிடிக்காவிட்டால் மூலையில் சாய்த்து வைக்கலாம், மூன்று மாதம் கழித்து எடுக்கலாம், எடுக்காமலே விடலாம். அவர் பெயர் எழுதிய சீட்டைக் குழிக்குள் ஒட்டுகிறார். சீவுகிறவர் எந்த மரத்தையும் தள்ளிவைக்க முடியாது; நிரையில் நிற்கிற அத்தனையும் சீவியாக வேண்டும். அவர் கை செய்த வேலை மங்கில் பாலாகச் சொட்டி, வாளியில் கலந்து, தராசில் எடையாக ஏறி, அத்தோடு யாருடையதாகவும் இல்லாமல் போகும். கருவி செய்கிறவர்களிலும் எல்லாருக்கும் சீட்டு கிடைத்துவிடவில்லை என்பது வேறு விஷயம். பாலக்காடு மணி ஐயரின் மிருதங்கத்தை உலகம் அறிந்த அளவுக்கு அதை உருவாக்கிய பர்லாந்தை அறியவில்லை. மிருதங்கம் செய்யும் குடும்பங்களைப் பற்றிப் பாடகர் டி. எம். கிருஷ்ணா 2020இல் ‘செபாஸ்டியன் அண்ட் சன்ஸ்’ என்ற நூலை எழுதும் வரை நாமும் பெரிதாகக் கேட்டுக்கொள்ளவில்லை. ஆகவே நான் இப்படி ஒரு முடிவுக்கு வந்திருந்தேன்: கலை என்பதற்குக் கைத்திறன் மட்டும் போதாது, கெடுத்துப் பார்க்கும் உரிமையும் வேண்டும். ஒரு பலகையைப் பாழாக்கலாம் என்ற சுதந்திரம் இருக்கிறவருக்கே அதைப் பாடவைக்கும் வழியும் திறக்கும். தோட்டத்துக் கைக்கு அந்தச் சுதந்திரம் கிடைக்கவில்லை. அதனால்தான் அத்தனை நுட்பமும் பெயரில்லாமல் போயிற்று.

இந்த முடிவை என் பெரியம்மாவிடம் சொல்ல நினைக்கவில்லை. சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டமொன்றில் கல்யாணத்துக்கு முன்னும் பின்னும் மரம் வெட்டியவர், அதாவது பால்மரம் சீவியவர். தோட்டத்தை வீடமைப்புக்குக் கொடுத்தபோது புந்தோங்குக்கு வந்தவர். ஆழம் எப்படிப் பெரியம்மா தெரியும், வெளிச்சமே இல்லாத நேரத்தில், என்று மட்டும்தான் கேட்டேன். “கண்ணுலயா பாத்தோம்? சத்தம்தான்டா. மேல நறநறன்னு போவும். உள்ளாற வந்ததும் உளி வழுக்கிக்கிட்டு ஓடும், சத்தமே கம்மியாயிடும். அங்கன நிறுத்திக்கணும்” என்றார். அப்போது கிட்டார் பலகையைத் தட்டிக் கேட்கும் விஷயத்தைச் சொன்னேன். கவனமாகக் கேட்டார். ஒரு கிட்டார் என்ன விலை போகும் என்று கேட்டார், சொன்னேன். “சீவையில கெட்டுப்போச்சுன்னா?” என்றார். தூக்கிப் போட்டுவிட்டு வேறு பலகை எடுப்பார் என்றேன். கெடுத்துப் பார்க்கும் உரிமையைப் பற்றி என் மனசில் இருந்ததையும் ஒருமாதிரிச் சொல்லிப் பார்த்தேன். உங்களுக்கு அது இல்லாமல் போய்விட்டதே, கங்காணி திட்டுவாரே என்ற பயத்திலேயே வெட்ட வேண்டியிருந்ததே என்றேன். பெரியம்மா ஒத்துக்கொள்ளவில்லை. “கங்காணி என்னடா கங்காணி, அந்தாளு ஆயிரம் மரத்தையும் வந்து பாத்தாரா? நீ சொல்ற ஆளு வித்துட்டா கிட்டாரு போயிடும். நான் இந்தப் பக்கம் வெட்டி முடிச்சு, அந்தப் பக்கம் வெட்டி முடிச்சு, ஏழெட்டு வருசம் கழிச்சு மறுபடி இதே எடத்துக்குத்தானே வருவேன்? காயம் பண்ணியிருந்தேன்னா அங்க முண்டு கட்டிக்கிட்டு நிக்கும். அதுமேலயே நான்தான் உளியப் போடணும். வேற யாரு போடுவா?”